மறைவில் இடும் காசு

(பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று நீங்கள் செய்வது என்ன என்று பாரிஸ் மாநகரில் சில மாணவர்கள் பிரடெரிக் ஓசானாமிடம் கேட்டனர். அவருக்கு வயது 20, சட்டம் படித்துக்கொண்டிருந்தார். வாதாடுவதை விட்டு, நண்பர்களுடன் ஏழைகளின் வீடுகளைத் தேடிச் சென்றார். வழிகாட்டியவர் ரோசலி ரெந்து என்ற கன்னியர். 1833-இல் நமது சபை பிறந்தது இப்படித்தான். ஓசானாம் 1997-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

பணத்தை யார் கையிலும் கொடுத்தனுப்பலாமே, நேரில் ஏன் போகவேண்டும்? காசு கொடுக்கத் தன்னலம் சில வேளை சம்மதித்துவிடும். நேரம் கொடுக்கச் சம்மதிக்காது. நோயுற்ற மூதாட்டியின் அருகே பாயில் அமர்ந்து, போன வாரம் கேட்ட கதையையே மீண்டும் கேட்பது எளிதன்று. நம் வீட்டில் படுத்திருக்கும் பெரியவரிடமே பத்து நிமிடம் உட்காருகிறோமா?

இச்சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டத்தில் பை ஒன்று சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு எடுக்கிறோம். யார் எவ்வளவு இட்டார், ஒன்றுமே இடாதவர் யார் என்று எவருக்கும் தெரியாது. மின்விசிறியின் இறக்கையிலும் 'உபயம்' என்று பெயர் எழுதும் நமக்கு இது நல்ல மருந்து! (ஜூபிலி நன்கொடையாளர்கள் கோபிக்க வேண்டாம், ஆலயத்தில் காற்று நன்றாகவே வருகிறது.) தர்மத்தை மறைவில் செய்யும்படி மலைப்பொழிவில் ஆண்டவரே கற்பித்தார்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடுகளைச் சந்திக்கச் செல்கிறார்கள். கெபியருகே கூடுவார்கள். இளைஞர்களும் வரலாம்.