கடல் கடந்த கல்லூரி



புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1747ஆம் ஆண்டில் எழுந்த தேவாலயம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. இத்தாலியில் பிறந்து, முப்பதை எட்டிய வயதில் தமிழகம் போந்து, தமிழ் கற்று, 1732இல் சதுரகராதியைத் தந்த வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்தே அவ்வூரைப் பேசுவது வழக்கம். ஒரு காலத்தில் மேல்நாட்டார் நம் சிற்றூர்களை நாடிக் கடல் கடந்தனர். இன்றோ, பன்னிரண்டாம் வகுப்பைத் தேறிய நம் பிள்ளைகள், பதினேழு பதினெட்டு வயதிலேயே வெளிநாட்டுக் கல்லூரியைக் கனவு காண்கின்றனர். இக்கனவைக் குறித்தே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

ஆவூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். மகனை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்க முகவர் ஒருவர் ஏற்பாடு செய்கிறாராம். “வானம் பார்த்த பூமிதான் ஐயா, இருந்தாலும் மூன்று தலைமுறைச் சொத்து. ஈடு வைக்கலாமா?” என்று கேட்டார். எளிய கேள்விதான், ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்வே அதில் அடங்கியிருந்தது.

விடை காண, முன்னோர் சென்ற வழியை முதலில் நோக்குவோம். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அவ்வூர் மகாராஜா கல்லூரியில் ஆடவர் நடுவே ஒரு பெண்ணாக அமர்ந்து பயின்றார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதன் பின்னரே, 1925இல், பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் அறிய இங்கிலாந்து சென்றார். இராமானுசன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது அவரிடம் பட்டம் இல்லை. ஆனால் உலகம் வியக்கத்தக்க கணிதம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துக்கொண்டு, 1930இல் அரசாங்க உதவித்தொகையுடன் கப்பலேறினார். இம்மூவரும் இன்னதைத் தேடிப் போகிறோம் என்று தெளிந்து சென்றவர்கள். அடித்தளத்தை இங்கே இட்டு, மேல்மாடத்தை அங்கே எழுப்பியவர்கள்.

இன்றும் பெரும்பான்மையோர் இவ்வழியைத்தான் பின்பற்றுகின்றனர். 2023–24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர் 3,31,602 பேர். சீனத்தையும் முந்தி இந்தியா முதலிடம் பெற்ற ஆண்டு அது. ஆயினும் அவர்களுள் இளநிலைப் பட்டத்திற்குப் படித்தவர் 36,053 பேரே. முதுநிலையிலும் ஆராய்ச்சியிலும் இருந்தவரோ 1,96,567 பேர். காரணம் வெளிப்படை. மேற்படிப்பிற்கு உதவித்தொகைகள் மிகுதி; இளநிலைக்கு அவை அரிது. நம் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்திற்குமே உரியது. ஆகவே இளநிலைக்குச் செல்வோரின் செலவு பெரும்பாலும் தந்தையின் தலையிலேயே விழுகிறது.

அவ்வாறாயின் இளநிலைக்கு ஏன் செல்கின்றனர்? மருத்துவத்தைப் பொறுத்தவரை, விடை இடப் பற்றாக்குறையே. இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிட்டாது, தனியார் கல்லூரியின் கட்டணமும் கட்டாதபோது, அதனினும் குறைந்த செலவில் படிக்கலாம் என்று வெளிநாடு அழைக்கிறது. ஆனால் அங்கே சேர்வது எளிது. பட்டத்தோடு மீண்டு இங்கே மருத்துவராவது எளிதன்று. முதலில் நீட் தேர்வில் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். 2021இல் வகுக்கப்பெற்ற விதிகளின்படி, ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பும், அங்கேயே ஓராண்டுப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அப்பட்டம் அந்நாட்டிலேயே மருத்துவத் தொழில் செய்யும் உரிமையைத் தருவதாகவும் இருத்தல் வேண்டும். திரும்பிய பின் தகுதித் தேர்வில் 300க்கு 150 மதிப்பெண் பெற்று, இங்கும் ஓராண்டுப் பயிற்சி செய்ய வேண்டும். அத்தேர்வை எழுதுவோருள் தேறுவோரைக் காட்டிலும் தேறாதோரே மிகுதி என்பதை முகவர் சொல்லமாட்டார்.

காலத்தின் கோலத்தையும் கருதவேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, ஆயிரக்கணக்கான நம் மாணவர்கள் பாதிப் படிப்போடு வீடு திரும்பினர். அவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அயல்நாட்டு விதிகளும் நிலையானவை அல்ல. கனடா தன் நாட்டில் படிக்க வருவோர் காட்டவேண்டிய கைப்பணத்தை 2024 சனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது; அம்மாதமே மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டியது. முதலாண்டு கணக்கிட்ட செலவு மூன்றாம் ஆண்டிலும் அவ்வாறே இருக்கும் என்று நம்புதல் கூடாது.

இவற்றையெல்லாம் அக்குடியானவரிடம் எடுத்துரைத்தேன். ‘போகாதே’ என்று நான் சொல்லவில்லை. மகனையே மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். அப்படிப்பு இங்கே இல்லாததா, அல்லது இங்கே கிட்டாததா? அதன் முழுச் செலவு, ஆறாண்டுச் சாப்பாடும் வாடகையும் சேர்த்து, எவ்வளவு? பட்டத்தோடு திரும்பினால் அது இங்கே செல்லுமா? மூன்றாவது கேள்விக்கு முகவரின் சொல்லை நம்பாது, தேசிய மருத்துவ ஆணையத்தின் விதியையே படித்துப் பார்க்குமாறு கூறினேன்.

மாணவர்களே, கிணற்றுத் தவளையாக இருங்கள் என்று நான் கூறுவதாக எண்ணவேண்டா. உலகைக் காண்பது நன்று. பிற நாட்டார் அறிவைக் கொணர்ந்து இங்கே சேர்ப்பது அதனினும் நன்று. இங்கிலாந்திலிருந்து மீண்ட முத்துலட்சுமி அம்மையார் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். எத்தனையோ ஏழைகளுக்கு அது உயிர் தந்தது. போவதா, வேண்டாவா என்பது உங்கள் உரிமை. ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதை விமானச் சீட்டு வாங்கும் முன்னரே முடிவு செய்யுங்கள். அம்முடிவைப் பெற்றோருக்கும் விளங்கச் சொல்லுங்கள். அவர்கள் ஈடு வைப்பது நிலத்தை மட்டுமன்று. தங்கள் முதுமையையும் சேர்த்தே வைக்கின்றனர்.