வெளிநாட்டில் ஆளில்லாத வீடு



நோர்பரியில் ஊருக்குக் காசு அனுப்பாத எங்கள் வீடுகள் குறைவு. அம்மாவின் மருந்துக்கு, தங்கச்சியின் பிள்ளையின் படிப்புக்கு என்று அனுப்புகிறோம். ஆனால் அதே ஒழுங்கையில், வெளிநாட்டில் ஒருவருமே இல்லாத வீடும் இருக்கிறது. நோய் வந்தால், உழைப்பு நின்றால், அந்த வீட்டைத் தாங்குவது யார்? அதற்கு அரசு செய்யும் ஏற்பாட்டைத்தான் சமூகப் பாதுகாப்பு என்கிறோம்.

இலங்கைக்கு இது புதிதல்ல. 1942இல், உலக யுத்த காலத்தில், அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் கடையில் வரிசையில் நின்ற பெரியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அது பெரும்பாலும் எல்லோருக்கும் கிடைத்தது. ஆகவே கூப்பன் வைத்திருப்பது ஒரு வெட்கமாக இருக்கவில்லை. 1953இல் அரிசி மானியத்தை வெட்டியபோது நாடு ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

1979இல் ஏழைகளுக்கு மட்டுமென உணவு முத்திரை வந்தது. அதில் இருந்தது அரிசியின் அளவல்ல, ரூபாய்க் கணக்கு. விலை ஏறியது, முத்திரை ஏறவில்லை. சில வருடங்களிலேயே அதன் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகியது.

பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. போர் நடந்த வடக்கு கிழக்கின் பல பகுதிகளுக்குச் சமுர்த்தி உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. கட்சிக்காரரின் செல்வாக்குப் பட்டியலில் புகுந்ததென்ற குறையும் இருந்தது. 2023இல் அஸ்வெசும வந்தது. அப்போது மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை, நேரே வங்கிக் கணக்குக்குப் போனது. ஆனால் பட்டியல் வெளிவந்ததும் விடுபட்டவர்களின் மேன்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன.

உதவி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். 2000ஆம் ஆண்டு பிரித்தானியாவில் தஞ்சம் கோரியோருக்குக் காசுக்குப் பதில் வவுச்சர் கொடுத்தார்கள். மிச்சக்காசு திருப்பித் தரமாட்டார்கள். பின்னால் நிற்பவர்கள் பார்க்க, சாமானைத் திருப்பி வைத்தவர்களுக்கு அந்த வலி தெரியும். எதிர்ப்புக் கிளம்பி, 2002இல் அது நின்றது.

ஆகவே, உதவி உரிமையாக வரவேண்டும், விலைவாசியோடு சேர்ந்து ஏறவேண்டும், ஒருவரும் விடுபடக்கூடாது.

அடுத்தமுறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, பக்கத்து வீட்டையும் விசாரியுங்கள். பெயர் விடுபட்டிருந்தால், பிரதேச செயலகத்துக்குக் கூட்டிச்செல்லவும் படிவம் நிரப்பவும் உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு ஒரு பவுணும் செலவில்லை.