கைத்திறமும் கருத்துத்திறமும்



தொழிலிற் புதுமை காண்பதற்கு நாட்டுக்கொரு வழியுண்டு. அவற்றை அறிய நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டில், அன்று சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த ஸ்ரீசிட்டியில், சீன நாட்டுச் சியோமியின் கைபேசிகளைத் தைவானின் பாக்ஸ்கான் செய்யத் தொடங்கியது. தானே வடிவமைத்துப் பிறர் ஆலையில் செய்விப்பது சீனரின் வழி. பிறர் வடிவமைத்ததைப் பழுதறச் செய்தளிப்பது தைவானியரின் வழி.

திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் 1985-இல் தோன்றிய அமரராஜா கண்டது மூன்றாம் வழி. அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்சோடு கூடி, பாட்டரித் தொழில்நுட்பம் கற்றது. 2019-இல் அக்கூட்டு முடிந்தது. 2021-இல் திருப்பதியிலேயே லித்தியம் மின்கல ஆய்வுக்கூடம் திறந்தது.

பிறர் வரைந்ததைச் செய்தல் தாழ்வன்று. ஆனால் அதனோடு நின்றுவிடுதல் தாழ்வே. இன்று ஆலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், நாளை ஆய்வுக்கூடத்திலும் அமர்தல் வேண்டும்.