முதுமையில் நமக்கொரு கடமை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். மறைத்துப் பயனில்லை, தலைமுடியே சொல்லிவிடுகிறது. ஆசிரியைகளாக, தாதியராக, எழுதுவினைஞர்களாகக் கடமையாற்றிய நாம் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் பெறுகிறோம். மொனராகலை இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கும், பசறை, லுணுகலை, மடுல்சீமை மலைகளில் கொழுந்தெடுத்தவர்களுக்கும் அப்படியொரு மாதாந்த ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் மொத்தமாக ஒருதடவை கைக்கு வரும். மகளின் கல்யாணத்தோடும் கூரைத் தகரத்தோடும் அது கரைந்துவிடும். நம்மில் எத்தனையோ பேரைப் படிக்கவைத்தவை அந்தக் கைகள்தாம்.

அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே முதியோர் தேசிய செயலகம் இயங்குகிறது. கிராமம், பிரதேசம், மாவட்டம் என்று படிப்படியாக முதியோர் சங்கங்கள் அமைகின்றன. 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கான மாதாந்த உதவித்தொகை 2025இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, வேலையைவிட்டு நின்ற 30 நாட்களுக்குள் பணிக்கொடை கொடுபட வேண்டும்.

தடங்கல் காகிதத்தில் இருக்கிறது. பிறப்புப் பதிவில் பாக்கியம், செக்ரோலில் பாக்கியலெட்சுமி, அடையாள அட்டையில் வேறொரு எழுத்துப்பிழை. சிலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. 1948இல் பறிபோன குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை சிலருக்குத் தீராத பிரச்சினையாக இருந்ததை நாம் அறிவோம். உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலையவேண்டும். சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். பஸ் ஏறிப் பிரதேச செயலகம் போனால் படிவம் சிங்களத்தில் இருக்கும். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள ஓர் அம்மாவின் விண்ணப்பம் ஓராண்டு பிந்தினால், அந்த ஆண்டில் அவர் இழப்பது 60,000 ரூபா. எழுபத்தைந்து வயதில் ஓராண்டு என்பது சின்னக் காலமல்ல.

ஆண்டுதோறும் ஒக்டோபர் 1ஆம் திகதி, முதியோர் தினத்தன்று, நாம் சேலையும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். நல்ல காரியந்தான். ஆனால் வெளியிலிருந்து கொடுப்பவர்களாகவே நின்றுவிடுகிறோம். நாமும் முதியோரே! ஆகையால் அவரவர் ஊர் முதியோர் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். தோட்டத்துக்குச் சங்கம் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அமையுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு லயனிலும் 60, 70 வயதைக் கடந்தவர்கள் யார், யாருக்கு எந்தக் காகிதம் இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இடாப்பு எழுதிய கைகளுக்கு இது பழகிய வேலை. பெயர்ப்பட்டியலோடு போய், “தோட்டத்துக்கே நடமாடும் சேவை வேண்டும், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வேண்டும்” என்று கேட்டால் அது தனியொருவரின் முறைப்பாடாக இராது.

தமிழிலேயே எழுதுங்கள். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடங்களிலும் தமிழில் எழுதித் தமிழில் பதில்பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஓய்வூதியமில்லாத முதியோர் கூடிக் கேட்பது புதிதல்ல. 2012 மே மாதம் இந்தியாவில் அருணா ராயும் பாபா ஆதவும் முன்னின்ற ஓய்வூதியப் பரிஷத், கூலித் தொழிலாளரான முதியோரை டில்லி ஜந்தர் மந்தரில் அமரவைத்தது. குறைந்தபட்சக் கூலியில் பாதியையாவது ஓய்வூதியமாகத் தரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். உழைத்த காலத்துக்கு உரிய பங்கு என்பதே அவர்கள் வாதம். நம் தோட்டங்களுக்கும் அந்த வாதம் பொருந்தும்.

ஒரு வேண்டுகோள். எழுதுவது நாமாக இருக்கலாம். கூட்டத்தில் பேசுவது அந்த அம்மாவாக இருக்கட்டும். தன் கால்வலியையும் கிளினிக்குக்குப் போகும் தூரத்தையும் அவரைவிடச் சரியாகச் சொல்ல நம்மால் முடியாது.

வெளிநாட்டுச் சகோதரிகளே, நீங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு பஸ் கட்டணத்துக்கும் போட்டோக் கொப்பிக்கும் போகட்டும். நிழற்படத்தில் விழாத செலவுதான். ஆனாலும் ஒருவருடைய மாதாந்த உரிமையை அது வாங்கித்தரும்.

எழுத்தறிவித்தது இந்தக் கல்லூரி. அந்த எழுத்து இப்போது தோட்டத்து லயனுக்குத் தேவைப்படுகிறது.