மடிக்கணினியின் வெப்பமும் மாற்றூர் வைத்தியமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

ஆண்டு விழா மேடையிலே சமயமும் தமிழும் பேசுதல் மரபு. நாமோ இன்று ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேச எழுந்து நிற்கின்றோம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இளைஞர்க்கு ஏடும் எழுதுகோலுமாய் இன்று விளங்குவது மடிக்கணினி, அதாவது லப்டொப். அதிலும் விளையாட்டிற்கென ஆக்கப்பெற்ற வலிய வகை ஒன்றுண்டு. "விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை இலட்சமா?" என்று மூத்தோர் கேட்பது நியாயமே. ஆயினும் கட்டட வரைபடம் வரைவோர்க்கும், காணொளி தொகுப்போர்க்கும், பொறியியல் பயில்வோர்க்கும் அதே வலிமை வேண்டப்படுதலின், அது படிப்பிற்கும் பிழைப்பிற்கும் கருவியாகிவிட்டது. அக்கருவி தோசைக் கல்லைப்போற் சுட்டுத் திடீரென அணைந்துபோனால் செய்யத்தக்கது யாது? இதுவே எமது பேச்சின் பொருள்.

முதலிலே நோயின் காரணத்தை அறிவோம். கணினி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிவருகின்றது. இவ்வகைக் கணினி கடும் வேலையிலிருக்கும்போது 150 வாற்று, 200 வாற்று என்று மின்சாரம் கொள்ளும். பழைய 75 வாற்று மின்குமிழ்கள் இரண்டு மூன்றை ஏற்றி, ஒரு புத்தகத்தின் பருமனுள்ள பெட்டிக்குள் அடைத்ததற்கு இஃது ஒப்பாகும். அவ்வெப்பத்தைச் செப்புக் குழாய்கள் சுமந்து செல்கின்றன. குழாயினுள் இருக்கும் சிறிதளவு நீர், சூடான சில்லின் பக்கத்தில் ஆவியாகி, மறுமுனையிற் குளிர்ந்து, மீண்டும் நீராகித் திரும்புகின்றது. அம்முனையிலுள்ள மெல்லிய தகடுகளினூடே விசிறி காற்றைத் தள்ளி வெப்பத்தை வெளியேற்றுகின்றது. சில்லு 100 பாகை செல்சியசை அண்மித்தால், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடின் அணைந்துவிடும். இஃது இயந்திரத்தின் தற்காப்பேயன்றி மரணமன்று. இதனை அறியாதாரே 'எரிந்து போயிற்று' என்று கைவிடுகின்றனர்.

விசிறி எவ்வளவு சுழன்றாலும், அறைக் காற்றினும் குளிர்ச்சியாகச் சில்லை ஆக்க அதனால் இயலாது. 20 பாகை அறையில் 80 பாகையில் நிற்கும் சில்லு, அதே வேலையை 35 பாகை அறையிற் செய்தால் 95ஐ எட்டும். கணினிகள் பலவற்றுக்கு அவற்றைச் செய்தோர் குறிக்கும் மேலெல்லையும் அந்த 35 பாகையே. எமது மூதூரிலோ கச்சான் வீசும் மாதங்களில் அவ்வெல்லையைத் தாண்டும் பகல்கள் உண்டு. அதனோடு வயற்புழுதியும் கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றும் சேர்கின்றன. புழுதி தகடுகளின் வாயிலே கம்பளம்போற் படிந்து காற்றை அடைக்கும். உப்பீரம் உலோகத்தை அரிக்கும். ஆகவே குளிர்நாட்டார் வகுத்த பராமரிப்புக் கணக்கு எமக்குப் போதாது.

குற்றம் எப்பொழுதும் பாவிப்பவருடையதே என்றும் எண்ணற்க. என்விடியா கம்பனி, தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் உறைப்பொருள் வலுவற்றதென்பதை ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக 2008ஆம் ஆண்டு யூலையில் அறிவித்தது. சூடேறுதலும் ஆறுதலும் மாறிமாறி நிகழ, அச்சில்லுகளின் இணைப்புகள் விட்டுப்போயின. பெருங் கம்பனிக்கே நேர்ந்த பிழை இது.

இனிச் சிகிச்சை. கணினியை மெத்தையிலும் தலையணையிலும் வைத்தலாகாது; அடியிலுள்ள காற்று வாயில்கள் அடைபடும். பின்பக்கத்தை ஈரங்குலம் உயர்த்துக. விளையாட்டின் காட்சி வேகத்திற்கு வரம்பு கட்டினால் வெப்பம் தானே தணியும். ஆறு மாதத்திற்கொரு முறை, மின்னிணைப்பை நீக்கி, அடித்தகட்டைக் கழற்றி, மின்கல இணைப்பையும் விடுவித்து, விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு தூசியை அகற்றுக. சில்லுக்கும் செப்புக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காலப்போக்கில் உலர்ந்துவிடும். அதனைப் புதுப்பித்தல் வேண்டும். ஒன்று எச்சரிக்கை: சில கணினிகளிற் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இடப்பட்டுள்ளது. அது மின்கடத்தி, சிந்தினாற் பலகையே பாழாகும். அதிலே பழக்கமில்லாதார் கைவைக்கலாகாது.

நிற்க. இவற்றாலும் தீராத பழுதாயின், மாற்றூர் வைத்தியரை நாட வேண்டியதே. இவ்விடத்தில் எமது குடாவின் சரித்திரம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1659இல் மசூலிப்பட்டினத்துக் கரையிலே புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுப் பாய்மரம் நாட்டவே கொட்டியாரத்தை நாடி வந்தது. வந்த இடத்தின் நிலையை அறியாமையால், 1660இல் கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் தோழர் சிலரும் கண்டியரசன் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பட்டனர். மகன் தப்பியது 1679இல். பழுதுபார்க்கப் புறப்படுமுன் போகுமிடத்தை விசாரித்தறிக என்பதே எமக்கு அதனாலாகும் படிப்பினை.

கட்டாரிலோ துபாயிலோ உழைக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய கணினிக்கு, அங்கே பெற்ற உத்தரவாதம் இங்கே செல்லாமற் போவதுண்டு. இங்கு வாங்கியதை உயர்கல்விக்காகச் சென்னைக்குக் கொண்டு செல்வோர்க்கும் இதே கதி நேரலாம். ஆகவே வாங்குமுன்னரே, உத்தரவாதம் உலகளாவியதா, ஒரு நாட்டிற்கு மட்டுமா என்று கேளுங்கள், பற்றுச்சீட்டைப் பேணுங்கள். கொழும்பிலே பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா, சென்னையிலே ரிச்சி தெரு முதலிய இடங்களிற் கடைகள் நெருங்கியிருத்தலின், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டறியலாம். ஒப்படைக்குமுன் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பழுது இன்னது, கூலி இன்னது என எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பெறுங்கள். வீங்கிய மின்கலத்தை விமானத்தில் ஏற்றவோ தபாலில் அனுப்பவோ கூடாது. அது தீப்பற்றும் பொருள்.

அன்பர்களே! 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்திலே 360ஐத் தொட்டதை நாம் அறிவோம். 'பழுதானால் புதிது' என்னும் சொல் எமது வீடுகளுக்கு ஏலாதென்பதை அவ்வாண்டு கற்பித்தது. பிரான்சு தேசத்தில் 2021 முதல், மடிக்கணினியைப் பழுதுபார்த்தல் எவ்வளவு எளிதென்று பத்துக்கு இத்தனை புள்ளியெனக் காட்டியே விற்க வேண்டுமென்பது சட்டம். செல்வ நாடே இவ்வாறு சிந்திக்கும்போது நாம் வாளாவிருத்தல் தகுமோ?

ஆயுத பூசையன்று கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்துகின்றோம். உள்ளே அடைந்த தூசியைத் துடைப்பதும் அப்பூசையின் ஓர் அங்கமன்றோ? ஆதலின் ஒரு வேண்டுகோள். மன்ற மண்டபத்தில் ஒரு மேசை, சில திருகாணிச் செலுத்திகள், தூரிகை, வெப்பப் பசை இவை போதும். மாதம் ஒரு சனிக்கிழமை, சமய பேதமின்றி ஊரார் எவரும் தம் கணினியைக் கொண்டு வரட்டும். அறிந்தோர் அறியாதார்க்குக் கற்பிக்கட்டும். அம்மேசையிற் பழகும் பிள்ளைகளிற் சிலர்க்கேனும் அது நாளை ஒரு தொழிலாகும். கொழும்புக்குச் செல்லும் பஸ் கட்டணமும் ஊருக்குள்ளேயே தங்கும். இளைஞர்கள் கை கொடுங்கள். பெரியோர்கள் இடம் தாருங்கள்.