25 மீட்டர் தூரம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்துவிட்டு என்ன செய்கிறாய் என்று பேசச் சொன்னார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார்கள். நான் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸ் கையோடு இருந்து, டி.என்.பி.எஸ்.சி. எழுதி, மோட்டார் வாகன ஆய்வாளர் ஆனேன். நம்ம ஊர் வழக்கில் சொன்னால் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'.

பிரேக் பார்ப்பது எனக்குச் சுலபம். இந்தக் கடற்கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். வண்டிக்கு அடியில் குனிந்து பிரேக் பைப்பை விரலால் தடவினாலே துரு சொல்லிவிடும். கஷ்டம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மனுஷரைப் பார்ப்பதுதான். அதற்கு நம் சிலபஸில் பாடம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் படிவம் 1 என்று ஒன்று இருக்கிறது. உடல்தகுதி பற்றி விண்ணப்பிப்பவர் தானே எழுதித் தருவது. வேன், லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் 40 வயது தாண்டியவர்களுக்கும் படிவம் 1-ஏ, அதாவது டாக்டர் சான்றிதழ். படிவம் 1-ல் முதல் கேள்வியே வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா என்பதுதான். 'உண்டு' என்று எழுதிய ஒரு படிவத்தைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த கேள்வி, நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு, 25 மீட்டரில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்பது.

25 மீட்டர் என்பது எவ்வளவு? தம்பிகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு செகண்டில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு செகண்ட் ஆகும். காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த பிறகும் சுமார் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆகவே 25 மீட்டர் என்பது கண்ணுக்கு வைத்த குறைந்தபட்சப் பரீட்சை, அவ்வளவுதான். அதுவும் பகலில். ராத்திரியில் எதிர் வண்டி லைட் கண்ணைக் கூசுவதற்கு எந்தப் படிவத்திலும் டெஸ்ட் கிடையாது. தூக்கத்துக்கும் கட்டம் கிடையாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வருகிற வண்டிகளில் எத்தனை டிரைவர்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து வருகிறார்கள் என்று நினைத்தால் எனக்கே தூக்கம் போய்விடும்.

(நிறக்குருடு பற்றிப் பல மாணவர்கள் கேட்கிறார்கள். 2020-ல் விதியை மாற்றி, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் உண்டு என்று செய்துவிட்டார்கள். கடுமையான குறைக்குத்தான் தடை. நல்ல மாற்றம்.)

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் சொந்த வேலையாக ராமேஸ்வரம் போய்விட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு டூரிஸ்ட் வேனில் திரும்பினேன். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பார்க்க வருகிறவர்களை மணலிலும் தண்ணீரிலும் வேனில் கொண்டுபோய்க் காட்டியவர். 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததும் அந்தப் பிழைப்புப் போய், டூரிஸ்ட் வேனுக்கு மாறியவர்.

பாம்பன் சாலைப் பாலம் உங்களுக்குத் தெரியும். 1988-ல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரயில் பாலத்தைப் பார்க்க ஜனங்கள் வண்டியை நிறுத்தி இறங்கி, குழந்தைகளோடு நடுவிலேயே நிற்பார்கள். எதிரே ஒரு லாரி லைட் அடித்தது. அண்ணன் கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்தார். முன்னால் நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்து நான் கத்திய பிறகுதான் பிரேக் பிடித்தார். வண்டி நின்றது. பிரேக் நல்ல பிரேக்.

"லைட்டச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது சார், ரெண்டு வருஷமா இப்படித்தான்" என்றார்.

இறங்கும்போது லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் புதுப்பித்தது. ஆய்வு செய்தது நான். டாக்டர் சான்றிதழ் முறையாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு என் மேஜையில் இருந்த கட்டில் அவருடையதும் ஒன்று. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்த ஞாபகம்கூட எனக்கு இல்லை.

மறுநாள் வரச் சொன்னேன். டேப் பிடித்து 25 மீட்டர் அளந்து, ஒரு டி.என். 65 வண்டியின் பிளேட்டைப் படிக்கச் சொன்னேன். வலது கண்ணில் தட்டுத் தடுமாறிப் படித்தார். இடது கண்ணில் பிளேட் இருக்கிற இடமே தெரியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 16-ஆவது பிரிவு, லைசென்ஸ் கையில் இருப்பவரிடமும் எப்போது வேண்டுமானாலும் புது மருத்துவச் சான்றிதழ் கேட்க இடம் தருகிறது. அதன்படி நோட்டீஸ் போனது.

"வேன் டியூ யாரு கட்டுவா? நீங்க கட்டுவீகளா?" என்று கேட்டார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றார். கோபித்தவரைவிட அந்த அம்மா நின்றதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது.

இரண்டு கண்ணிலும் புரை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முகாமில் சேர்ந்து, ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்துகொண்டார். எல்லாம் முடிந்து புதுச் சான்றிதழோடு வர நான்கு மாதம் ஆனது. மே மாத சீசன் முழுக்க வேன் வீட்டு வாசலில் நின்றது. மறுபடியும் அதே டேப், அதே 25 மீட்டர். கடகடவென்று படித்துவிட்டு, அதற்குப் பின்னால் நின்ற வண்டியையும் சேர்த்துப் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த டேப்ப அன்னைக்கே எடுத்திருந்தீகன்னா, சீசனுக்கு முன்னாடியே நான் எந்திரிச்சிருப்பேன்ல சார்?"

பதில் சொல்ல முடியவில்லை. லைசென்ஸைக் கையில் கொடுத்தேன்.

ஒவ்வொரு மே மாதமும் பள்ளி வாகன ஆய்வு நடக்கும். 2012 சிறப்பு விதிகள் வந்ததிலிருந்து அது கட்டாயம். டிரைவர்களுக்குக் கண் பரிசோதனையும் அங்கேயே நடக்கிறது. லீவில் ஊருக்கு வருகிற தம்பி தங்கைகள் யாராவது வந்து பார்க்க ஆசைப்பட்டால், டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க எனக்கு ஆள் வேண்டும்.