தெளிந்த நீரும் தூய நீரும்
(அடி அண்ணாமலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நிலத்தின் இயல்பிற்கேற்ப நீர் மாறும் என்பதைத் திருவள்ளுவனார் சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தில் உவமையாக வைத்தனர். அவ்வுண்மையை இக்கால இரசாயன நூல் விளக்குமாற்றினையே இன்று நாம் எடுத்துக்கொண்டோம்.

யுரேனியம் என்பது 1789-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கிளாப்ரோத் என்பார் கண்டறிந்த பொருள். அணுகுண்டிற்கே உரியதென்று அதனைப் பலரும் கருதுவர். அங்ஙனமன்று. கருங்கற் பாறைகளில் அது இயல்பாகவே சிறிதளவு கலந்துள்ளது. இம்மலையைச் சூழ்ந்த நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் பாறையைத் துளைத்தே அமைகின்றன. பாறைப் பிளவுகளில் ஓடும் நீர், பிராணவாயுவின் துணையால் யுரேனியத்தைக் கரைத்தெடுக்க வல்லது.

கரைந்த யுரேனியம் தனித்து நில்லாது; துணை நாடும். இலையும் வேரும் மட்கியவழிப் பிறக்கும் ஹியூமிக் அமிலம் அதற்கு ஒரு துணை. அவ்வமிலத்தின் கார்பாக்சில் தொகுதிகள், நண்டு தன் கொடுக்கினாற் பற்றுவதுபோல யுரேனியத்தைப் பற்றிக்கொள்ளும். சிறிது புளிப்புத்தன்மையுள்ள நீரில் இப்பற்று வலிது. கார்பனேட்டு மிக்க கிணற்று நீரிலோ, கார்பனேட்டே வென்று யுரேனியத்தைத் தன்பாற் கவர்ந்து உடன்கொண்டு செல்லும்.

மட்கினால் விளைவது நன்மையோ தீமையோ எனின், அது மட்கு நிற்கும் நிலையைப் பொறுத்தது. நீரிற் கரைந்த மட்கு யுரேனியத்தைச் சுமந்து செல்லும். சேற்றிற் படிந்த மட்கு அதனை அங்கேயே நிறுத்தும். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைக் கரையா வடிவாகவும் மாற்றும். சேறு உலர்ந்து காற்றுப் புகின், அது மீண்டும் கரைதல் கூடும்.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. கிணற்று நீரிற் கரைந்த யுரேனியம் நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் தன்னைக் காட்டாது. மிகுந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என எல்லை வகுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2021-இல் அவ்வளவையே குடிநீருக்கு ஏற்றது. காய்ச்சுதலால் யுரேனியம் நீங்காது; நீர் வற்ற வற்றச் செறிவே மிகும். ஆர்.ஓ. கருவி அதனைப் பெரும்பாலும் நீக்கும்.

ஆதலின், கிரிவலம் வரும் அடியார்க்குத் தண்ணீர் வார்க்கும் நம்மவர், தத்தம் கிணற்று நீரை, யுரேனியத்தைத் தனியே குறிப்பிட்டு, ஆய்வுக்கூடத்திற் சோதிப்பித்தல் வேண்டும். ஒரு கிணற்றின் முடிவு அடுத்த கிணற்றிற்குச் சான்றாகாது. தண்ணீர்ப் பந்தல் வைத்தல் பேரறம். நீரின் இயல்பறிந்து வார்த்தல் அதனினும் பேரறம் எனக் கூறி அமைகின்றோம்.